மூன்று நாள் குறிப்பு

என் குறிப்பேடுகளில் ஆறு ஆண்டுகள் அவர் வருகிறார். காலை எட்டு மணிக்குப் புறப்படுவோம் என்று பேசியிருந்தால் ஏழு இருபதுக்கு அவருடைய வேன் என் வீட்டு வாசலில் நிற்கும். ஒன்பது என்றால் எட்டேகால். ஒரு தடவைகூடச் சொன்ன நேரத்துக்குப் பின்னால் வந்ததில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். நேரம் தவறாதவர்களை எனக்குப் பிடிக்கும். அவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமும் அதுதான். அந்தக் காரணத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று தெரிய மூன்று ஆண்டாயிற்று.

ஒவ்வொரு நாளின் தேதியும் என்னிடம் இருக்கிறது. இங்கே கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதி போட்டால் அவர் யாரென்று தெரிந்துவிடக்கூடும்.

அவர் ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிறந்தது சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னபோது கணவரோடு நகரத்துக்கு வந்து, கணவர் இறந்த பிறகு அவர் ஓட்டிய வேனைத் தானே ஓட்டத் தொடங்கினார். நானோ ஓய்வு பெற்றதும் பேராக் மாநிலத்தில் மூடப்பட்ட தோட்டங்களைப் பட்டியலிடும் வேலையில் இறங்கியிருந்தேன். எந்தத் தோட்டம், எத்தனை லயக் குடியிருப்புகள், கோயில் எந்தப் பக்கம், பள்ளிக்கூடம் எப்போது மூடியது என்று. கண்புரை வந்து நெடுந்தூரம் கார் ஓட்ட முடியாமல் போனது. சனி, ஞாயிறுகளில் அவருடைய வேன் சும்மா நின்றது. அப்படிச் சேர்ந்தோம்.

உடுத்துவது எப்போதும் கறுப்பு அல்லது கருநீலம். கல்யாண மண்டபத்தில் கதவோரக் கடைசி நாற்காலி. கூட்டம் என்றால் நிற்பார். "உக்காந்து உக்காந்தே வேன் ஓட்டுறேன்க்கா, இங்கயாவது நிக்கிறேன்" என்பார். தோளில் ஒரு பெரிய துணிப்பை. ஒரு நாள் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கல்யாணச் சாமான்" என்றார். "மாப்பிள்ளைதான் இன்னும் அமையல."

போகிற வீட்டில் எதையும் குடிக்க மாட்டார். பத்து காஜா என்ற ஊரில் பழைய கங்காணி ஒருவரைப் பேட்டி காணப் போயிருந்தோம். எண்பத்தெட்டு வயது, நாக்கு மட்டும் வயதாகாதவர். இவருக்கு நீட்டிய தேநீர் அப்படியே ஆறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார்.

"தேத்தண்ணி வேணாம், பலகாரம் வேணாம். வெரதமா? இல்ல, எங்க வீட்டுக் கோப்பை பிடிக்கலியா?"

"உங்க வீட்டுக் கோப்பை தங்கம், தாத்தா. என் வயிறுதான் தகரம்."

கிழவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இவருக்கு ஏதோ ஆசாரம் இருக்கிறது, அதை வேடிக்கைப் பேச்சில் மறைக்கிறார் என்று நினைத்தேன். அன்றைய குறிப்பில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு வாசகம் உண்டு. "எங்க போனாலும் மொதல்ல வெளிய வர்ற வழியப் பாத்துக்கணும்க்கா." தீ விபத்துக்குப் பயந்தவர் சொல்வதுபோல் இருக்கும். லகாட்டிலிருந்து சுங்காய் வரை எந்தப் பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையில், அவர் சொல்லும் தண்டாஸில், தண்ணீர் வரும், எங்கே கதவு சாத்தாது, எங்கே சாவி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். பயணிகளுக்கு உதவும் என்று நான் அதையும் குறித்துக்கொண்டேன். போகிற வழியில் வேன் நின்ற நேரங்களையும் எழுதுவது என் வழக்கம். "10.15. வேன் நின்றது. பன்னிரண்டு நிமிடம்." சில பக்கங்களில் அப்படி நான்கைந்து வரிகள் இருக்கும். பயணம் தாமதமாவதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. கையெழுத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது.

பிறகு அந்த மழை நாள் வந்தது. ஒரு சனிக்கிழமை, பிற்பகல். கோப்பேங் தாண்டி ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டது. முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் நகர முடியாது. இருபது நிமிடம் போனது. பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார். வானொலியைச் சத்தமாக வைத்தார். நாற்பது நிமிடம் ஆனபோது வேனுக்குள் வாடை வந்தது. வெளியே சாக்கடை ஏதோ நிரம்பி வழிகிறது போலும் என்று எண்ணி, எதற்கென்று யோசிக்காமலேயே என் பக்கத்துச் சன்னலை இறக்கினேன். சாரல் உள்ளே அடித்தது.

"சன்னலச் சாத்துங்கக்கா, நனையிறீங்க" என்றார், சாலையைப் பார்த்தபடியே. "நான்தான்."

துணிப்பையில் இருந்தது இரண்டு கைலி, ஒரு துண்டு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணீர்ப் புட்டி, சோப்பு. பின் இருக்கைக்குப் போய் அவர் உடை மாற்றி முடிக்கும்வரை நான் வைப்பர் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"என் மூணாவதுக்கு இப்ப இருபத்தாறு வயசு."

அன்று ஈப்போ வந்து சேரும்வரை சொன்னார். பிள்ளை பெரியது. உடம்பு கிழிந்துதான் பிறந்தது. நாற்பதாம் நாள் மறுபடியும் ரப்பர் காட்டுக்குப் போய், தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் பால் வாளி. "முன்னாலயும் அடக்க முடியாது, பின்னாலயும் அடக்க முடியாது. காத்துன்னு நெனப்பேன். காத்தா இருக்காது." கணவருக்குத் தெரிந்திருந்தது. பினாங்கில் வேலை செய்யும் மகளுக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது.

"அதுக்காகவா எங்கயும் முன்னாடியே வாரீங்க?"

"முன்னாடி வந்தாத்தானக்கா தண்டாஸ் எங்கன்னு பாத்து வைக்கலாம்."

அவரை நாற்பது நிமிடம் முன்னதாகவே வரவைத்தது எதுவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை நான் மூன்று ஆண்டுகள் ஒழுக்கம் என்று பாராட்டி எழுதியிருந்தேன்.

மருத்துவமனைக்கு அழைத்துப்போனது நான்தான். மலாய் எனக்கு நன்றாக வரும் என்று துணைக்கு உள்ளே வரச் சொன்னார். உண்மையில் அவருடைய மலாய் என்னுடையதைவிடச் சரளம். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். இடுப்புத் தசைக்கான பயிற்சிகள், மாத்திரை, சாப்பாட்டில் மாற்றம் என்று சில மாதங்கள் போயின. கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. அதன் பிறகுதான் நரம்பைத் தூண்டும் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்.

முதுகின் அடியில், வால் எலும்புக்குச் சற்று மேலே இருந்து வரும் நரம்புகள்தான் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் மூளைக்கும் இடையே செய்தி கொண்டுபோகின்றன. அந்தச் செய்தி தடுமாறும்போது, நரம்புக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து லேசான மின் துடிப்பைக் கொடுத்தால் சிலருக்குத் தடுமாற்றம் குறைகிறது. எல்லோருக்கும் பலன் தருவதில்லை. அதனால் முதலில் ஒத்திகை. கம்பி உள்ளே, அதை இயக்கும் சிறு பெட்டி வெளியே இடுப்புப் பட்டையில், இரண்டு மூன்று வாரம். ஒத்திகைக்கு முன் மூன்று நாளும், ஒத்திகையின்போது மூன்று நாளும் குறிப்பு எழுத வேண்டும். என்ன குடித்தோம், எத்தனை முறை போனோம், எத்தனை முறை கசிந்தது. கசிவு பாதியாவது குறைந்திருந்தால்தான் பேட்டரியை இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் நிரந்தரமாக வைப்பார்கள். குறையாவிட்டால் கம்பியை எடுத்துவிடுவார்கள்.

"கரண்டு குடுக்கப் போறாங்களா, எனக்கா?" என்று வெளியே வந்து கேட்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே சொன்னார்: "வேன் ஸ்டார்ட் ஆவலன்னா நானும் இதத்தான்லா செய்வேன்."

மருத்துவமனைப் படிவம் மலாயில் இருந்தது. நான் இரண்டு நோட்டு வாங்கி, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, தமிழில் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். என் கட்டங்கள் நேராக இருந்தன. அதில் எனக்குப் பெருமை. மூன்று நாள் கழித்து எழுதிக் கொண்டுவந்தார். மூன்று நாளில் மூன்று கசிவு. நினைத்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று டாக்டர் புருவம் உயர்த்தினார். ஆனாலும் மற்றச் சோதனைகளைப் பார்த்து ஒத்திகைக்குச் சம்மதித்தார்.

பெட்டி வைத்த இரண்டாம் வாரம் என் வீட்டுக்கு வந்தார். பள்ளி விடுமுறைக் காலம், வேன் ஓட்டம் இல்லை. கேட்காமலேயே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, நான் எனக்காகக் கலந்த தேநீரை எடுத்துக் குடித்தார். நான்கு வருடப் பழக்கத்தில் என் வீட்டில் அவர் குடித்த முதல் தேநீர்.

"சீனி பத்தலக்கா. இதத்தான் எல்லா வீட்லயும் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொல்றாங்களா?" என்றார். பிறகு இன்னொரு கோப்பை கேட்டார்.

ஒரு வியாழக்கிழமை இரண்டாவது குறிப்போடு போனோம். டாக்டர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்னே மூன்று. இப்போது இரண்டு. மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: இந்த வித்தியாசம் போதாது, இதைக் காட்டி நிரந்தரமாக வைக்க முடியாது, அடுத்த வாரம் கம்பியை எடுத்துவிடலாம்.

"பாய்க், டாக்டர்" என்று இவர் எழுந்துவிட்டார். சரி என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நடைபாதையில் நீல நாற்காலி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தோம். மருந்து வாங்குகிறவர்களின் எண்கள் பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. இவர் பெட்டியைப் பட்டையோடு சேர்த்துக் கையால் மூடிப் பிடித்திருந்தார்.

"மொத நோட்டு பொய்க்கா" என்றார்.

"எத்தனைக்குப் பதிலா மூணு?"

"எண்ணல. அந்த மூணு நாளும் தண்ணியே குடிக்கல. வீட்ட விட்டு வெளிய போவல. அப்பவும் வந்துச்சு. வந்ததெல்லாம் எழுதல."

ஏன் என்று கேட்டேன். என் குரலில் அலுவலகம் இருந்திருக்க வேண்டும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விடியக்காலப் பிரட்டுல நின்னிருக்கீங்களாக்கா? கிராணி பேரேட்டோட நிப்பாரு. எங்க அம்மா என் முதுகுல ஒரு குத்து குத்தும். நேரா நில்லு, ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு. காச்சல்னு சொன்னா அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்ல. நோட்டும் பென்சிலுமா யாராச்சும் முன்னால நின்னா எனக்கு இன்னும் முதுகு தன்னால நேராயிரும். நீங்க கட்டம் போட்டுக் குடுத்தீங்க பாருங்க, அதே மாதிரி கட்டம்."

பிரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் எடுக்கும் ஆள் கணக்கு. கிராணி என்பவர் அந்தக் கணக்கை எழுதுபவர். என் அப்பாவின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வேலைதான் பார்த்தார். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இதை நான் அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். நினைவில் வைத்துத்தான் பேசினாரா, தெரியவில்லை. கேட்கவில்லை.

உடனே உள்ளே போய் உண்மையைச் சொல்லலாம் என்றேன். கள்ளி என்று நினைப்பார்கள் என்றார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கைப்பையில் பயணக் குறிப்பேடு இருந்தது. அதில் வேன் நின்ற நேரமெல்லாம் இருக்கிறது, இதையே டாக்டரிடம் சாட்சியாகக் காட்டலாம் என்று திறந்து கொடுத்தேன். அவர் விரலை வைத்து மெல்லப் படித்தார். பத்தேகால், பன்னிரண்டு நிமிடம். பதினொன்று ஐந்து, ஒன்பது நிமிடம். பக்கம் திருப்பினார். "மறுபடியும்" என்று நான் ஓரிடத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். அதையும் படித்தார்.

"இதுல நான் எத்தன தடவ நின்னேன்னு இருக்குக்கா" என்று நோட்டை மூடிக் கொடுத்தார். "நிக்க முடியாமப் போனது இதுல இல்ல."

நோட்டைக் கைப்பைக்குள் வைத்தேன். பலகையில் எண் மாறியபோது அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாக உள்ளே போனார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"டாக்டர் ஏசலக்கா. பெட்டிய அணைச்சுட்டு எழுதச் சொல்றாங்க. நாளையிலேர்ந்து மூணு நாள். வழக்கம்போல குடிக்கணுமாம், சாப்புடணுமாம், போற எடத்துக்குப் போவணுமாம்."

அதாவது பெட்டியை நிறுத்த வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளில் முதல் தடவையாகக் கிடைத்த பத்துப் பதினைந்து ஏறக்குறைய உலர்ந்த நாட்களைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பி, அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். கம்பியை அதிக நாள் இப்படியே விட்டுவைக்க முடியாது, கிருமி தொற்றும். இன்னொரு தவணை கிடைக்காது.

மூன்றாம் நாள் ஞாயிறு. சுங்காய்க்கு உள்ளே அவர்களுடைய தோட்டத்தில் இப்போது மிச்சமிருப்பது செம்பனைக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில்தான். சிதறிப்போன குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு அங்கே கூடும். அந்த ஞாயிறாக இது அமைந்தது. இந்த வருடம் போக வேண்டாமே என்றேன்.

"வழக்கம்போலன்னாங்களேக்கா. வருசாவருசம் போறதுதான."

"வருசாவருசம் நீங்க சாப்பிடாம வருவீங்க."

"அது பழைய நோட்டு" என்றார்.

போனோம். மோர் குடித்தார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கினார். பதினொன்று நாற்பதுக்கு என் பக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து கோயிலுக்குப் பின்னால் போனார். அங்கே தகரக் கொட்டகைத் தண்டாஸ் ஒன்றுதான். வாசலில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். திரும்பி வரும்போது கைலி மாறியிருந்தது. வேனுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ தார்ப்பாய்ப் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பழைய சிநேகிதிகள் நடுவே வந்து உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் விரித்து, நேரம் பார்த்து எழுதினார்.

"என்னாடி எழுதுற? கிராணி வேல கெடச்சிருச்சா?" என்றார் ஒருவர். பக்கத்து நிரையில் பால் மரம் வெட்டியவராம்.

"ஆமா. மூத்திரக் கிராணி."

சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அவர் நிமிராமல் எழுதி முடித்து, பிறகு சொன்னார். பிள்ளை பெற்றதிலிருந்து இப்படி என்று, டாக்டர் எழுதச் சொன்னது என்று. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் செம்பனை மரங்களைப் பார்த்தேன்.

"இன்னைக்கு எத்தன போட்டிருக்க?" என்றார் அந்தப் பக்கத்து நிரைக்காரர்.

"காலையிலேர்ந்து மூணு."

"மூணுக்கே நோட்டா? எனக்கு இந்த நோட்டு பத்தாதுடி."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரே தொடங்கினார். அப்புறம் பந்தலே குலுங்கியது. ஆண்கள் சமையல் பக்கத்திலிருந்து என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். "ஒங்க வேலையப் பாருங்கலா" என்று ஒரு சிநேகிதி விரட்டினார். இடுப்புப் பட்டையைத் தூக்கிப் பெட்டியைக் காட்டச் சொன்னார்கள். கரண்டு அடிக்குமா என்று கேட்டார்கள். அடிக்காது, தட்டும் என்றார் இவர், இப்போது அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஏன் அணைத்தாய் என்ற கேள்விக்கு, "பொய் எழுதிட்டேன், அதான்" என்றார். அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. புறப்படும்போது இரண்டு பேர் தனித்தனியாக வேன் பக்கம் வந்து எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் மூன்று நாளையும் விரல் வைத்துக் கூட்டினார். மறுபடியும் ஒருமுறை கூட்டினார். பெட்டி ஓடிய நாட்களின் இரண்டைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, வைக்கலாம் என்றார். நர்ஸ் மிஸ்ஸி பெட்டியை மறுபடி ஓட விட்டபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நாள் கழித்துப் பேட்டரியை உள்ளே வைத்தார்கள்.

பூரண குணம் என்று எழுதினால் அது இன்னொரு பொய் நோட்டாகிவிடும். அதன் பிறகும் சில நாட்களில் வேன் சாலையோரம் நின்றது. துணிப்பை இருந்தது, உள்ளே கைலி ஒன்றாகக் குறைந்தது. ஒரு நீலப்பூப் போட்ட வெள்ளை பாஜுச் சட்டை வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஆண்டு கழித்து மகளுக்கு ஜொகூரில் வேலை மாற்றம் வந்து, அவரும் கூடப் போனார். மகளுக்கு எல்லாம் தெரியும், அவரே சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு முந்தைய நாள் வேன் சாவியை அதை வாங்கியவரிடம் ஒப்படைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டங்களைப் பற்றிய என் பதிவில் இதையும் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோயில் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதுகிறவள் இதை எழுதாமல் விட்டால் அது பாதிப் பதிவுதான் என்று எனக்குப் பட்டது. பெயர் போடவா வேண்டாமா என்றும் கேட்டேன்.

"பேரு வேணாம்க்கா" என்றார். "பேரப் போட்டா, எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்குவாளுங்க. எண்ணிக்கைய மட்டும் கொறைக்காமப் போடுங்க."

வெள்ளி நான்கு. சனி மூன்று. ஞாயிறு ஏழு.